பட்டிப்பூக் கசாயம்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் சவிரிமுத்துவை விட்டுவிட்டு வந்த இடம் குசினி. விடியற்காலையில் கடலால் வந்த கையோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் நின்று ஒரு பிடி பட்டிப்பூச் செடியை வேரும் இலையுமாக அரிந்துகொண்டிருந்தார். மெலிஞ்சிமுனையில் அவரைத் தெரிந்த யாரும் அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். கல்யாணம் முடித்த இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் குசினிப் பக்கம் போனது, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க மட்டும்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் அவர் மனைவி ஞானசவுந்தரியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது. பிறகு அக்குளில் ஒன்று. நிணநீர்ப் புற்றுநோய் என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாற்றக்கூடிய வருத்தம்தான், மூன்று கிழமைக்கு ஒருதரம் ஆறு முறை ஊசி போடவேண்டும் என்றார்கள்.

ஞானசவுந்தரி மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அது நஞ்சு, குடலை வேகவைக்கும் என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள். மகள் ஜெனீற்றாதான் தாயை வழிக்குக் கொண்டுவந்தாள். ஊர்காவற்றுறையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சர் அவள்.

"அம்மா, உங்களுக்குப் போடப்போற மருந்துகளில ஒண்டு பட்டிப்பூவில இருந்து எடுக்கிறது. எங்கட சேமக்காலையில பூத்துக் கிடக்கே, அதே ஊதாப்பூ. அதுக்குப் போய்ப் பயப்பிடுறியளே" என்றாள்.

பட்டிப்பூவை வேறு ஊர்களில் நித்தியகல்யாணி என்பார்கள். மெலிஞ்சிமுனைக்காரருக்கு அது கல்லறைப் பூ. சேமக்காலை மணலில், மாதா கோயில் மதிலுக்குப் பின்னால், செத்தவர்களின் தலைமாட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து கிடக்கும்.

"செத்தாப் பிறகு வாற பூ, எனக்கு முதலே வருது போல" என்று ஞானசவுந்தரி அன்றைக்குச் சிரித்தாள். ஊசிக்குச் சம்மதித்தாள்.

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த சவிரிமுத்துவின் மூளையோ வேறு பக்கம் ஓடியது. மூன்று கிழமைக்கு ஒருதரம் ஏற்றுவதே இவ்வளவு நல்லதென்றால் நாள்தோறும் கொடுத்தால் என்ன? எங்கேயோ வெளிநாட்டில் போத்தலில் அடைத்து அனுப்புகிற சாமான், இங்கே கூப்பிடு தூரத்தில் சும்மாதானே நிற்கிறது? முதல் ஊசி போட்ட மறுநாளே தொடங்கிவிட்டார். கல்லறைச் செடி என்று தெரிந்தால் அவள் தொடமாட்டாள் என்பதால் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்த்து அவித்து, மல்லித்தண்ணி என்று சொல்லிக் கொடுத்தார். கட்டியும் கரைந்துகொண்டு வந்தது. அது ஊசியின் வேலை என்று ஆஸ்பத்திரி நினைத்தது. தன்னுடைய வேலை என்று அவர் நினைத்தார். பன்னிரண்டு கிழமையாக ஒரு நாள் தவறவில்லை. அந்த மனிதரை என்னவென்று சொல்வது.

இன்று ஐந்தாவது ஊசிக்குப் போகிற நாள். கார்த்திகை முதலாம் திகதி, அதாவது நவம்பர் ஒன்று.

"இண்டைக்கும் மல்லித்தண்ணியோ?" தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஞானசவுந்தரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"குடியும். வெறுவயித்தோட போகக்கூடாது."

"சரியான கைப்பு. எந்தக் கடையில மல்லி வாங்குறியள்?"

"ஊர்காவற்றுறையிலதான்."

"கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்துறான்." பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, மூக்கைச் சுளித்து ஒரே மடக்கில் குடித்தாள். "நாலு நாளா வயித்தாலயும் போகேல்லை. எல்லாம் உந்த ஊசி செய்யிற வேலை."

"ஓம், ஊசி வேலைதான்" என்று அவரும் சொன்னார்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களைக் கடலால் ஏற்றி இறக்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர். அதில் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து, அவர்கள் தெல்லிப்பழைக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. இரத்தம் எடுத்தார்கள். பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

டொக்டர் இளம் பெண். ஜெனீற்றாவுக்கு ஐந்தாறு வயது மூப்பாக இருப்பாள். இரத்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தரம் பார்த்தாள்.

"அம்மா, இண்டைக்கு ஊசி போடேலாது. வெள்ளைக் கலங்கள் சரியாக் குறைஞ்சு போச்சு. ஒரு கிழமை பொறுப்பம். கால் விறைக்குது எண்டு சொன்னனீங்கள் என்ன?"

"கொஞ்சம் விறைக்கும். பெரிசா இல்லை."

டொக்டர் எழுந்து வந்து, அவள் பாதத்தில் பேனை முனையால் குத்தினாள்.

"இது தெரியுதோ?"

"எது டொக்டர்?"

டொக்டர் பேனையை மூடினாள். "சட்டைத் தெறி ஒண்டைக் கழட்டிப் பூட்டுங்கோ பாப்பம்" என்றாள். ஞானசவுந்தரி விரல்களை வைத்து வைத்துப் பார்த்தாள். தெறி அகப்படவில்லை. இந்தக் கைகள் ஒரு பின்னேரத்துக்குள் கிழிந்த வலை ஒன்றை முழுக்கப் பொத்திவிடும்.

"மகள்தான் விடியப் பூட்டிவிட்டவ" என்று அவள் வெட்கத்தோடு சொன்னாள்.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து அவரை நேரே பார்த்தாள். "நாலு ஊசிக்கு இவ்வளவு தாக்கம் வாறது குறைவு, ஐயா. வீட்டில வேற ஏதும் குடுக்கிறியளோ? கசாயம், மூலிகை, ஆராவது சொன்ன சாமான்? நான் பேசமாட்டன். உண்மையைச் சொன்னாத்தான் எங்களுக்கு வழி தெரியும்."

சொன்னால் நிப்பாட்டச் சொல்வார்கள். நிப்பாட்டினால் கட்டி திரும்ப எழும்பும். அவருடைய எண்ணம் அன்றைக்கு, அந்தக் கதிரையில் இருக்கும்வரைக்கும், அதுதான்.

"இல்லை டொக்டர். மல்லித்தண்ணி மட்டுந்தான்."

"ஓம், மல்லித்தண்ணிதான்" என்றாள் ஞானசவுந்தரி, தன் விரல்களைப் பார்த்தபடி.

டொக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுதத் தொடங்கினாள். "அப்ப இந்த மருந்து இவவுக்கு ஒத்துவரேல்லை எண்டுதான் எடுக்கவேணும். இனி அதை நிப்பாட்டிப்போட்டு மற்றதுகளை மட்டும் போடுவம்."

"எந்த மருந்து?"

"பட்டிப்பூவில இருந்து எடுக்கிற மருந்து. இந்த வருத்தத்துக்கு அது முக்கியமான ஒண்டுதான். ஆனா நரம்பு போகுதே, என்ன செய்யிறது."

அவருக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

வெளியே வாங்குப் பலகையில் மனைவியை இருத்திவிட்டு, துண்டு எடுக்கிற சாட்டில் துஷாந்தி மிஸியிடம் போனார். முதல் நாளிலிருந்தே இவர்களோடு வாரப்பாடாக, அன்பாக இருக்கும் தாதி அவள்.

"மிஸி, சும்மா ஒரு கேள்வி. அந்தப் பட்டிப்பூவை ஒராள் வீட்டில அவிச்சுக் குடிச்சா, அதே மருந்துதானே உடம்புக்குள்ள போகும்?"

"ஐயோ, அது நஞ்சுச் செடி ஐயா. அதுக்குள்ள நூறு சாமான் கலந்து கிடக்கு. கூடை கூடையா இலை எடுத்து, அதில ஒண்டை மட்டும் பிரிச்சு எடுத்து, ஆளின்ர நிறை உயரம் பாத்து மில்லிகிராமில அளந்துதான் நாங்கள் ஏத்துறம். ஒரு சொட்டுக் கூடினாலும் நரம்பு போகும், ரத்தம் குறையும், குடல் வேலை செய்யாமல் நிண்டுபோம்." அவள் எழுதுவதை நிறுத்தினாள். "ஏன், ஆரும் குடிக்கினமோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

"அம்மாவைக் கவனமாப் பாருங்கோ. காய்ச்சல் வந்தா ஒரு மணித்தியாலமும் வைச்சுக்கொண்டு இருக்கக்கூடாது. இப்ப எதிர்த்து நிக்க அவவின்ர உடம்பில ஒண்டும் இல்லை."

நரம்பு, இரத்தம், குடல். மூன்றையும் அவர் பஸ்ஸில் திரும்பத் திரும்ப நினைத்தார். தெறி பூட்டமுடியாத விரல். குறைந்துபோன வெள்ளைக் கலம். நாலு நாளாகப் போகாத வயிறு. ஒவ்வொன்றும் அவர் ஒவ்வொரு விடியலும் அவித்துக் கொடுத்தது. இன்றைக்கு அதன்மேல் இன்னொரு காரியமும் செய்துவிட்டார். அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மருந்தையே ஒரு பொய்யால் நிப்பாட்ட வைத்துவிட்டார். ஞானசவுந்தரி அவர் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். எழுப்பிச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. இத்தனைக்கும் புயலுக்குள் வள்ளம் விட்ட ஆள்தான்.

ஊர்காவற்றுறையில் பாதையால் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் கண்டார். அவளுடைய இடது காலில் செருப்பு இல்லை. அது பின்னால் இறங்குதுறையில் கிடந்தது.

"இஞ்சாரும், செருப்பு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பாதத்தில் மட்டிச் சிப்பி கீறி, இரத்தம் மணலோடு சேர்ந்து பிசுபிசுத்திருந்தது. அவள் அதை யாரோ ஒருத்தியின் கால் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியேல்லையே அப்பா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

சவிரிமுத்து நடுத்தெருவில் முழங்காலில் இருந்து, சோடாப் போத்தலில் தண்ணீர் வாங்கிக் கழுவி, தன் லேஞ்சித் துணியால் கட்டினார். அவர் தோள் குலுங்குவதை அவள் கண்டாள். தன் காயத்துக்காக அழுகிறார் என்று நினைத்து, "உது சின்னக் கீறல்தானே" என்று அவர் தலையைத் தடவினாள்.

மறுநாள், செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள். முதல் நாளே ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்ப் புல்லுச் செருக்கி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். ஞானசவுந்தரிக்கு எழும்ப ஏலாது. "அம்மா அப்பான்ர கல்லறையை நீங்களும் பிள்ளையுமாத் துப்பரவாக்கிப்போட்டு வாங்கோ. நான் கொஞ்சம் படுக்கிறன்" என்று அனுப்பிவைத்தாள்.

மூன்று மணிக்குத் தகப்பனும் மகளும் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே சலசலப்பு. சேமக்காலையைப் பார்த்துக்கொள்ளும் இன்னாசித்தம்பி மண்வெட்டியோடு நடுவில் நின்று ஏசிக்கொண்டிருந்தார்.

"தம்பி சவிரி, பார் இந்த அநியாயத்தை. ஒரு கல்லறையில ஒரு பட்டிப்பூ இல்லை. நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள், எல்லாக் கல்லறையும் மொட்டையாக் கிடக்கு. ஆடு எண்டா இலையைத் திண்டுபோட்டு வேரை விடும். இது அடியோட புடுங்கினது. மனுசன் செய்த வேலை. செத்ததுகளிட்டையும் களவெடுக்கிறதுக்கு எப்பிடிடா மனம் வருது?"

ஜெனீற்றா குனிந்து பாட்டனாரின் கல்லறை மணலில் கிடந்த முறிந்த வேர் ஒன்றை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். மத்தியானம் அவள் அந்த இரத்தத் துண்டைப் படித்துவிட்டு, இப்படிக் குறைய ஞாயமில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள். மெதுவாக நிமிர்ந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அப்பா. அம்மாக்கு விடியக் குடுக்கிறது என்ன?"

"மல்லித்..." அவரால் அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை.

"எவ்வளவு நாளா?"

"முதல் ஊசி போட்ட மற்ற நாளில இருந்து."

"கடவுளே. ஆர் உங்களுக்கு உப்பிடிச் சொல்லித் தந்தது?"

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். குற்றம் சாட்டுகிற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. கேட்டாள், உள்ளதைச் சொன்னார்.

"நீதான் பிள்ளை. அந்த மருந்து இதில இருந்துதான் வருது எண்டு நீதானே சொன்னனீ."

ஜெனீற்றா அப்படியே கல்லறை விளிம்பில் இருந்துவிட்டாள். கையிலிருந்த வேரை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அம்மான்ர பயம் போகட்டும் எண்டு சொன்னனான் அப்பா. அவவைச் சிரிக்கவைக்கச் சொன்னனான்." குரல் உடைந்தது. "அளவைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லாமல் விட்டிட்டனே. பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்கு அதைத்தானே முதல் சொல்லுறனான்."

"அழாத பிள்ளை. செய்தது நான்."

"டொக்டர் கேட்டவவோ?"

"கேட்டவ. இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்து கிளினிக் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடிக்கும்போதே சவிரிமுத்து கையை நீட்டினார். "என்னட்டைத் தா. பொய் சொன்னவன்தான் சொல்லவேணும்."

துஷாந்தி மிஸி எடுத்தாள். அவர் பேரைச் சொல்லி, இரண்டு வசனத்தில் எல்லாவற்றையும் சொன்னார். "இருங்கோ" என்றுவிட்டு அவள் டொக்டரைக் கூப்பிட ஓடினாள். பிறகு டொக்டரின் குரல் வந்தது. வேர் எவ்வளவு, இலை எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"டொக்டர், அந்த மருந்தை நிப்பாட்டிப்போடாதேயுங்கோ. பிழை மருந்தில இல்லை. என்னில."

"அதை இப்ப சொல்லேலாது ஐயா. கால் கை எவ்வளவுக்குத் திரும்புது எண்டு பாத்துத்தான் முடிவெடுக்கலாம். திரும்பாமலும் போகலாம். இனி ஒரு துளியும் குடுக்காதேயுங்கோ." கொஞ்சம் நிறுத்தினாள். "விடியவே சொல்லியிருந்தா ஆளை வார்ட்டில வைச்சிருப்பன். இப்ப அவவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கோ?"

"இல்லை டொக்டர். படுத்திருக்கிறா."

"போய்த் தொட்டுப் பாருங்கோ."

இன்னாசித்தம்பி ஓர் எட்டுத் தள்ளி நின்று அவ்வளவையும் கேட்டுவிட்டார். மண்வெட்டியைச் சுவரோடு சாத்தினார். சுற்றி நின்ற பெண்கள் பக்கம் திரும்பி, "ஆடுதான். மதில் உடைஞ்ச பக்கத்தால வந்திருக்கு" என்று உரத்துச் சொன்னார். பிறகு இவரிடம், "நீ வீட்ட போ. உன்ர மாமன் மாமியின்ர கல்லறையை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அந்த மனிதருக்குக் கடவுள் நீண்ட ஆயுள் கொடுக்கட்டும்.

வீட்டில் ஞானசவுந்தரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். மழை இருட்டு வேறு. சவிரிமுத்து கட்டில் ஓரத்தில் இருந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்; குளிர்ந்துதான் கிடந்தது. அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து சொன்னார். சேமக்காலை, வேர், மல்லி, டொக்டருக்குச் சொன்ன பொய், எல்லாம்.

அவர் முடித்த பிறகு அவள் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இரண்டாம் கிழமையே தேத்தண்ணி வடியில ஊதா இதழ் ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மல்லிக்கு ஊதாப்பூ எங்க வாறது?"

"பிறகேன் குடிச்சனீர்?" என்றார். "டொக்டர் கேக்கேக்கயாவது சொல்லியிருக்கலாமே."

"உங்களை அத்தினை பேருக்கு முன்னால வைச்சுப் பேசுவினம். அதுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்கள் எனக்கெண்டு அடுப்பு மூட்டினது இப்பத்தானே. கடலால வந்து, ஈரச் சாரத்தோட நிண்டு ஊதிக்கொண்டு நிப்பியள். நான் படுத்திருந்து பாப்பன். அதை எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது? கட்டியும் கரையுதுதானே, மனுசன் செய்யிறது சரியாத்தான் இருக்குமோ எண்டும் நினைச்சனான்."

சவிரிமுத்து வாய்விட்டு அழுதார். கடற்காற்றில் கத்திப் பழகிய தொண்டையால் அழும்போது அயல் முழுக்கக் கேட்டது. அவருக்கு அது பெரிதாகப் படவில்லை.

"அழாதேயுங்கோ" என்றாள். பிறகு, "குளிருது, அப்பா. யன்னலைச் சாத்துங்கோ" என்றாள்.

யன்னல் சாத்தித்தான் இருந்தது. ஜெனீற்றா ஓடிவந்து தாயின் நெற்றியில் கை வைத்தாள். வெப்பமானியை அக்குளில் செருகி எடுத்துப் பார்த்தாள். நூற்றிரண்டு. அதைத் தகப்பனுக்குக் காட்டினாள்.

"இந்த மழைக்குப் பாதை ஓடாது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேணும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். முற்றத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது. பண்ணைப் பாலம் தாண்டிப் போய்ச் சேர எப்படியும் ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

ஞானசவுந்தரிக்குப் பல்லுக் கிடுகிடுத்தது. கண்ணைத் திறந்து அவரைத் தேடினாள்.

"இஞ்சாருங்கோ."

"என்னப்பா?"

"பயமாக் கிடக்கு. என்ர கையை ஒருக்காப் பிடியுங்கோவன்."

சவிரிமுத்து குனிந்து பார்த்தார். அவள் கை அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும்தான் இருந்தது. கதை சொல்லத் தொடங்கிய நேரத்திலிருந்து அவர் அதை விடவே இல்லை.

"ஓம்" என்றார். "இந்தா, பிடிச்சிட்டன்."